ஒரே ஆண்டில் பிறந்த இரு கணினிகள்

விளையாட்டுக்கென்று அமைத்துக்கொள்ளப்படும் மேசைக் கணினிக்கு ஒரே வயது என்று எதுவும் இல்லை. அதன் பெட்டிக்குள் இருக்கும் பிராசஸர் ஓர் ஆண்டிலும், காட்சிகளைத் தீட்டித் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு வேறோர் ஆண்டிலும், கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி இன்னோர் ஆண்டிலும் வாங்கப்பட்டிருக்கலாம். ஒவ்வோர் உறுப்பும் தனக்கே உரிய வேகத்தில் மூப்படைகிறது. ஆகவே, பழைய கணினியைப் பாகம் மாற்றி மேம்படுத்துவதா, அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு முன், எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது, அது வேறு எந்தெந்த உறுப்புகளைத் தன்னோடு கட்டி வைத்திருக்கிறது என்பதை அறிந்தாக வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் 2017ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரே விலையில் அமைக்கப்பட்ட இரண்டு கணினிகளையும், 2025இன் இறுதியில் அவை சென்றடைந்த இருவேறு முடிவுகளையும் இக்கட்டுரை நினைவுகூர்கிறது. அவற்றுள் ஒன்று இக்கட்டுரையாளருடையது; மற்றொன்று அவருடைய அத்தை மகனுடையது.

பாகத்தை மாற்றி முழுப்பொருளை வாழவைக்கலாம் என்ற எண்ணமே தனிமனிதக் கணினியின் தொடக்கத்திலிருந்து அதனோடு வந்தது. 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட கணினியில், கூடுதல் அட்டைகளைச் செருகிக்கொள்வதற்கென்று ஐந்து இடங்கள் திறந்து விடப்பட்டிருந்தன. அந்தத் திறந்த இடத்தை உலகம் வியக்கும் வகையில் பயன்படுத்திக் காட்டியவர்களுள் ஒருவர் சிங்கப்பூரர் என்பதை இங்கே குறிப்பிடாமல் கடக்க முடியாது. அதே 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை கீச்சொலி மட்டுமே எழுப்பிக்கொண்டிருந்த பெட்டிகள், பெட்டியை மாற்றாமலேயே, ஓர் அட்டையைச் செருகியவுடன் இசையையும் பேச்சையும் எழுப்பின. விளையாட்டுப் பிடியை இணைப்பதற்கான துளையும் அந்த அட்டையிலேயே இருந்ததால், விளையாடுவோர் அதை நாடி வாங்கினர். 2023 ஜனவரியில் சிம் வோங் ஹூ காலமானபோது, தங்கள் முதல் கணினியின் மூடியைக் கழற்றிய நாளை நினைத்துக்கொண்ட சிங்கப்பூரர்கள் பலர். மேம்படுத்தல் என்பது இத்தீவில் வாங்குபவரின் பழக்கமாக மட்டுமன்றி, செய்து விற்பவரின் தொழிலாகவும் இருந்திருக்கிறது.

ஆங் மோ கியோவுக்கும் இத்தொழிலோடு உறவு உண்டு. 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய இந்நகரின் தொழிற்பேட்டையில், 1980களிலிருந்தே சிலிக்கான் வில்லைகள் செய்யப்பட்டு வருகின்றன. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியும் இங்கேயே இருப்பதால், கணினியைப் பிரித்துப் பார்க்கும் துணிவுள்ள இளையர் ஒவ்வொரு புளோக்கிலும் ஒருவராவது இருப்பர். ஆயினும் பாகங்கள் வாங்குவதென்றால் அவர்கள் போன இடம் லிட்டில் இந்தியாவின் விளிம்பில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி 1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேர்தான். ஆறு தளங்களிலும் சிறு கடைகள் நெருக்கியடித்து நின்ற அக்கட்டடத்தில், ஒவ்வொரு கடையும் தன் விலைப்பட்டியலைத் தாளின் இருபுறமும் பொடி எழுத்தில் அச்சிட்டு முகப்பில் அடுக்கி வைத்திருக்கும். நான்கைந்து கடைகளின் தாள்களைச் சேகரித்துக்கொண்டு, மின்படிக்கட்டின் அருகே நின்று, எந்தப் பாகம் எங்கே இரண்டு வெள்ளி குறைவு என்று பேனாவால் வட்டமிடுவதுதான் கணினி அமைப்பதன் முதற்கட்டம். அங்கே வாங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலைக்கு நடந்து, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, பெருவிரைவு ரயிலில் வடக்கே திரும்பிய தமிழ் இளையர்களின் எண்ணிக்கை சிறிதன்று. விலைத்தாள் வாசிக்கும் அந்தப் பயிற்சி ஒரு தலைமுறைக்குப் பாகங்களின் உறவுமுறையைக் கற்றுக்கொடுத்தது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. எந்தப் பிராசஸருக்கு எந்த மதர்போர்டு, எந்தப் போர்டுக்கு எந்த ராம் நினைவகம் என்பதை எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை.

2017ஆம் ஆண்டு அத்தகைய கற்றலுக்கு ஏற்ற ஆண்டாக அமைந்தது. பல ஆண்டுகளாக இன்டெல் ஒன்றே முன்னணியில் நின்ற பிராசஸர் சந்தையில், அவ்வாண்டு மார்ச் மாதம் ஏஎம்டி நிறுவனம் ரைசன் வரிசையை இறக்கியது. தேசிய சேவையை முடித்து, படித்தொகையில் மிச்சம் பிடித்து வைத்திருந்த இரு இளையர்களும் இரு வழிகளில் பிரிந்தனர். இக்கட்டுரையாளர் இன்டெலின் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ5-7500ஐ எடுத்தார். அதில் கோர் எனப்படும் செயல் மையங்கள் நான்கு. அத்தை மகன் ரைசன் 5 1600ஐ எடுத்தார். அதில் ஆறு மையங்களும், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு பணிச்சரங்களை ஏற்கும் வசதியும் இருந்தன. அன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு மையங்களுக்கு மேல் பயன்படுத்தத் தெரியாதவை. ஆகவே அன்றைய அளவீடுகளில் இன்டெல் பிராசஸர் பின்தங்கிவிடவில்லை என்பதையும், அத்தேர்வு அந்நாளில் கிடைத்த தகவல்களுக்கு முற்றிலும் பொருந்தியது என்பதையும் சொல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இருவருக்கும் ஒன்றே: ஆறு ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060. ராமும் இருவருக்கும் ஒன்றே: டிடிஆர்4 வகையில் எட்டு ஜிபி துண்டுகள் இரண்டு. அவ்வாண்டின் நடுப்பகுதியில் மின்னிலக்க நாணயம் 'தோண்டுவோர்' கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதால், கார்டுக்கு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.

இரு கணினிகளின் விதியையும் பிரித்தது பிராசஸரன்று. பிராசஸர் அமரும் இருக்கை. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் நடுவில் சாக்கெட் என்று ஒரு சதுர இருக்கை உண்டு. அதில் எந்தப் பிராசஸர் அமரலாம் என்பதை அதன் வடிவமும், போர்டின் சிப்செட் எனப்படும் ஒருங்கிணைப்புச் சில்லும், பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 2017 அக்டோபரில் இன்டெலின் எட்டாம் தலைமுறை வந்தபோது, இருக்கையின் அளவு மாறாமலிருந்தும், அதற்குப் புதிய போர்டு தேவைப்பட்டது. ஏஎம்டியோ தன் ஏஎம்4 சாக்கெட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 2022இல், ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த போர்டுகளும் ரைசன் 5000 வரிசையை ஏற்கும்படி பயாஸ் புதுப்பிப்புகள் வெளிவந்தன. ஒரே ஆண்டில் பிறந்த இரு போர்டுகளில் ஒன்று தன் வாசலை ஓராண்டுக்குள் மூடிக்கொண்டது. மற்றொன்று ஐந்தாண்டுக்குப் பின்னும் புதியவரை வரவேற்றது.

மேம்படுத்துவதா, மாற்றுவதா என்ற கேள்வியை இடைப்பட்ட ஆண்டுகள் எழுப்பவே இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தியபோது, கணினி திறக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளுள் அதைப்போல் உடனே பலன் தருவது வேறொன்றில்லை. 2020இன் இறுதியில் புதிய கார்டுகள் வந்தும், பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாடும் மீண்டும் எழுந்த நாணயத் தோண்டலும் சேர்ந்து அவற்றைச் சாதாரண மக்களுக்கு எட்டாதவையாக்கின. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்ட பின்னரே அந்நிலை தளர்ந்தது. அதுவரை காத்திருப்பதே ஒரே வழியாக இருந்தது.

காத்திருந்த காலத்தில் தூசியும் வெப்பமும் தம் வேலையைச் செய்தன. குளிர்நாடுகளில் எழுதப்படும் கணினி விமர்சனங்கள் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறைகளில் எடுத்த வெப்ப அளவுகளைத் தருகின்றன. சன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியைச் சுழலவிடும் ஆங் மோ கியோ வீடொன்றின் அறை பிற்பகலில் முப்பத்திரண்டு டிகிரியைத் தொடுவதால், அந்த அளவுகளோடு பத்தைக் கூட்டித்தான் படிக்க வேண்டும். ஈரக்காற்றில் தூசி உலர்ந்து உதிர்வதில்லை, பிசினாக ஒட்டிக்கொள்கிறது. இக்கட்டுரையாளரின் பெட்டியில் காற்றை உள்ளிழுக்கும் வலையைக் கழற்றியபோது அதில் படிந்திருந்த அடை இருநிறமாக இருந்தது: வெள்ளிக்கிழமைதோறும் தாயார் பூசை மாடத்தின் முன் போடும் சாம்பிராணியின் பழுப்புப் பிசுக்கு கீழே; சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்கின் அடியில் எரிக்கப்படும் காகிதங்களிலிருந்து மிதந்து வரும் கருஞ்சாம்பல் மேலே. பழைய பல்துலக்கும் தூரிகையால் அதைச் சுரண்டியெடுத்து, பிராசஸருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த வெப்பப்பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவியபின், விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. விளையாட்டின் நடுவே வரும் திணறலும் ஓரளவு குறைந்தது. பழைய கணினி மந்தமாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் எவரும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. சில வெள்ளிப் பசையில் தீரக்கூடிய குறைக்குப் பல நூறு வெள்ளியில் புதுக் கணினி வாங்கிய வீடுகள் உண்டு.

கேள்வி தவிர்க்க முடியாததானது 2025 அக்டோபரில். அம்மாதம் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. விண்டோஸ் 11ஐ முறையாக நிறுவுவதற்கு, டிபிஎம் எனப்படும் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும், ஏற்கப்பட்ட பிராசஸர்களின் பட்டியலில் இடமும் வேண்டும். முதலாவது 2017இன் போர்டுகள் பலவற்றில் இருந்தது. பயாஸுக்குள் சென்று இயக்கினால் போதும். இரண்டாவதுதான் இடித்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ரைசனின் 2000 வரிசையிலிருந்துமே அப்பட்டியல் பெரும்பாலும் தொடங்குவதால், ஐ5-7500, ரைசன் 5 1600 இரண்டுமே கோட்டுக்கு வெளியே நின்றன. கூடுதலாக ஓராண்டுக்கு, 2026 அக்டோபர் வரை, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. லினக்ஸுக்கு மாறும் வழியும் இருந்தது. 2018இல் வெளிவந்த புரோட்டான் என்னும் இடைமென்பொருள் வழியாக, விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளில் மிகப் பல லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் நண்பர்களோடு இணையவழி ஆடும் போட்டி விளையாட்டுகள் சிலவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அங்கே ஆட அனுமதிப்பதில்லை. தனியாகக் கதை விளையாட்டுகள் மட்டும் ஆடுபவருக்கு லினக்ஸ் மிக நல்ல முடிவு. வாரக்கடைசியில் உறவினரோடு சேர்ந்து ஆடுபவருக்கு அது அரைகுறை முடிவு.

"இது இன்னும் ஓடிக்கிட்டுத்தானப்பா இருக்கு, எதுக்குப் புதுசு?" என்று கேட்ட தாயாரின் கேள்வி முழு மதிப்புக்குரியது. ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவதற்குக் காரணம் வேண்டும். அக்காரணம் எந்த உறுப்பில் இருக்கிறது என்று காட்டவும் முடிய வேண்டும். அதைக் காட்டும் முறை கடினமானதன்று. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸரின் உழைப்பையும் கார்டின் உழைப்பையும் திரையின் மூலையில் எண்களாகக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. கார்டு நூற்றுக்கு நூறு உழைத்து, பிராசஸர் ஓய்வாக இருந்தால், தளர்ந்தது கார்டு. பிராசஸர் முழுமூச்சில் உழைத்தும் கார்டு அறுபது விழுக்காட்டில் நின்றால், கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது, அங்கே புதிய கார்டு வாங்குவது வீண். அறுபது ஹெர்ட்ஸ் திரை ஒன்று வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ பதினேழு மில்லிவினாடி. சராசரியாக அறுபது காட்சி வந்தாலும், நடுநடுவே ஒரு காட்சிக்கு ஐம்பது மில்லிவினாடி பிடித்தால் கண்ணுக்குத் தெரிவது அந்தத் திக்கல்தான். நான்கு மையங்கள் மட்டுமே உள்ள ஐ5-7500இல், நகரச் சந்தடி நிறைந்த புதிய விளையாட்டுகளில் நேர்ந்தது துல்லியமாக இதுவே: சராசரி எண் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக இருந்தது, திக்கலோ பொறுக்க முடியாததாக இருந்தது.

அத்தை மகனுக்கு விடை எளிதாகக் கிடைத்தது. "மச்சான், போர்டை அப்படியே வச்சிட்டு பிராசஸரை மட்டும் மாத்தப் போறேன்" என்று அவர் சொன்னபோது, அதன் பின்னிருந்த வாய்ப்பு எட்டாண்டுக்கு முந்தைய ஒரு சாக்கெட் தேர்விலிருந்து வந்தது. அவர் வாங்கியது 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600. அதைப் பொருத்திய மாலை நெருங்கிப் பார்க்கத்தக்கது. பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும்; புதியதைப் பொருத்திவிட்டால், அதை அறியாத போர்டு விழிக்கவே விழிக்காது. யுஎஸ்பி விரலியில் கோப்பை ஏற்றி, புதுப்பிப்பு ஓடும் சில நிமிடங்களுக்கு வீட்டில் எவரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்தனர். நடுவில் மின்சாரம் நின்றால் போர்டு உயிரற்ற தகடாகிவிடும். அடுத்தது குளிர்விப்பானைக் கழற்றுவது. ஏஎம்4 வகையில் ஊசிக்கால்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, அவற்றின் எண்ணிக்கை 1331. ஆண்டுக்கணக்கில் இறுகிய பசை பிராசஸரைக் குளிர்விப்பானோடு ஒட்டி வைத்திருப்பதால், நேராகப் பிடுங்கினால் பூட்டப்பட்ட இருக்கையிலிருந்து பிராசஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்து கால்கள் வளையும். ஆகவே விளையாட்டொன்றை அரைமணி ஓடவிட்டுப் பசையைச் சூடாக்கி, உடனே அணைத்து, குளிர்விப்பானை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுத்தனர். அது கழன்றபோது ஈரத்துணி தரையிலிருந்து உரிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிராசஸர் இருக்கையிலேயே இருந்தது. புதியதைப் பொருத்தி இயக்கியபோது, அதே பெட்டி, அதே ராம், அதே போர்டு விண்டோஸ் 11இன் பட்டியலுக்குள் வந்து நின்றன.

இக்கட்டுரையாளரின் போர்டில் அவ்வழி அடைபட்டிருந்தது. அது ஏற்கக்கூடிய உச்சம் அதே ஏழாம் தலைமுறையின் ஐ7 பிராசஸர். பழைய சந்தையில் அது கிடைத்தாலும் நான்கு மையங்களைத் தாண்டாது, விண்டோஸ் 11இன் கோட்டுக்கு உள்ளேயும் வராது. முடிந்துபோன சாக்கெட்டில் மேலும் பணத்தைப் போடுவதில் பயனில்லை என்பதால், முழுக் கணினியையும் மாற்றுவதே முறையான முடிவாகத் தோன்றியது. புதிய தலைமுறைப் போர்டு, புதிய பிராசஸர், அவற்றோடு கட்டாயமாக வரும் டிடிஆர்5 ராம் என்று பட்டியலும் தயாராகிவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கும். பழைய டிடிஆர்4 துண்டுகளின் பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் அவை அதில் நுழையவே நுழையா.

அப்பட்டியலைக் கலைத்தது ராமின் விலை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கென்று நினைவகச் சில்லுகளின் உற்பத்தி திருப்பப்பட்டதால், 2025இன் கடைசிக் காலாண்டில் வீட்டுக் கணினிகளுக்கான ராம் விலை மேலேறியது. டிடிஆர்5 ராம் பல இடங்களில் சில மாதங்களுக்கு முந்தைய விலையின் இரு மடங்கைக் கடந்தது. டிசம்பர் தொடக்கத்தில், உலகின் பெரும் நினைவக உற்பத்தியாளர்களுள் ஒன்றான மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ராம் விற்றுவந்த தொழிலிலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. ஆங் மோ கியோவிலிருந்து அதே வடக்கு தெற்கு ரயில் பாதையில் உட்லண்ட்ஸுக்குப் போனால், அந்நிறுவனத்தின் மாபெரும் ஆலைகள் நிற்பதைக் காணலாம். நினைவகம் விளையும் தீவிலேயே நினைவகம் எட்டாக்கனியானதைக் கண்டு மனம் நோகாமல் இருக்க முடியவில்லை. பொருள் சேவை வரியும் 2017இல் இருந்த ஏழு விழுக்காட்டிலிருந்து 2024 ஜனவரியில் ஒன்பதுக்கு வந்துவிட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து இணையம்வழி தருவிக்கும் நானூறு வெள்ளிக்குட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் அவ்வரி உண்டு.

அந்நிலையில், எட்டாண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த டிடிஆர்4 துண்டுகள் இரண்டும் எதிர்பாராத மதிப்பைப் பெற்றன. ராம் எளிதில் தேயும் பொருளன்று. அசையும் பாகம் அதில் எதுவும் இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதை ஏற்கக்கூடிய போர்டையும் பிராசஸரையும் மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டபோதுதான், மேம்படுத்துவது, மாற்றுவது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது தெரிந்தது. அத்தை மகனின் கணினியிலிருந்த அதே ரைசன் 5 5600, அதற்கு பி550 சிப்செட் உள்ள ஏஎம்4 போர்டு என்று முடிவானது. இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறையிலும் டிடிஆர்4ஐ ஏற்கும் போர்டுகள் உண்டு, அதுவும் சமமான தேர்வே. உதவிக்கு அழைக்க, அதே சாக்கெட்டைக் கழற்றிப் பூட்டிய உறவினர் ஒருவர் பக்கத்து அவென்யூவில் இருந்ததே இதைத் தேர்ந்ததற்குக் காரணம். முந்தைய தலைமுறைச் சாக்கெட்டில் புதுப் பணம் போடலாமா என்று கேட்போர் உண்டு. அடுத்த மேம்படுத்தலுக்கு அதில் இடம் அதிகமில்லை என்பது உண்மை. ஆனால் விலை உச்சத்தில் நிற்கும் ஒரு பொருளைக் கட்டாயத்தின்பேரில் வாங்காமல் மூன்று, நான்கு ஆண்டுகளைக் கடத்துவதற்கு அது போதும்.

கார்டு தனிக்கணக்கு. ஜிடிஎக்ஸ் 1060 வெளிவந்து ஒன்பது ஆண்டுகளாகியிருந்தன. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் தீட்டும் ரே டிரேசிங் வசதிக்கான தனி உறுப்பு அதில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம் விளையாட்டும் அவ்வசதியைக் கட்டாயமாக்கியதால் அந்தக் கார்டில் திறக்கவே இல்லை. அத்தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருளும் 2025 அக்டோபரோடு நின்றது. மாற்றுக் கார்டு தேடும்போது, விலையைப் போலவே கவனிக்க வேண்டிய ஒன்று, கார்டுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் பாதை. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 முதலிய கார்டுகள் பதினாறு தடங்களுக்குப் பதில் எட்டுத் தடங்களையே பயன்படுத்துகின்றன; புதிய போர்டில் அது குறையாகத் தெரியாது, மூன்றாம் தலைமுறைப் பாதை மட்டுமே உள்ள 2017இன் போர்டில், எட்டு ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் வேளைகளில் வேகம் குறையும். அத்தை மகனுடைய போர்டு அத்தகையது. ஆகவே அவர் பதினாறு தடங்களும் பதினாறு ஜிபி நினைவகமும் உள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியைப் புதிதாக வாங்கினார். இக்கட்டுரையாளர் பன்னிரண்டு ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060ஐப் பழைய சந்தையில் தேடினார்.

சிங்கப்பூரில் இத்தகைய கைமாற்றங்கள் பெரும்பாலும் ரயில் நிலையக் கட்டணக் கதவுகளின் இருபுறமும் நின்றபடியே முடிந்துவிடுகின்றன. உள்ளே நிற்பவர் வெளியேறாமலேயே பொருளைக் கதவுக்கு மேலாக நீட்டுவார். வெளியே நிற்பவர் கைப்பேசியில் பணத்தை அனுப்புவார். புத்தகத்துக்கும் காலணிக்கும் அது சரி. கார்டை அப்படி வாங்குவது முறையன்று. விற்பவரின் வீட்டில், அவருடைய கணினியிலேயே அதைச் சற்று நேரம் முழுச்சுமையில் ஓட்டிக்காட்டச் சொல்லி, வெப்பம் எங்கே போய் நிலைக்கிறது, விசிறி உராய்கிறதா, திரையில் புள்ளிகள் சிதறுகின்றனவா என்று பார்த்தபின், திருகாணிகளின் மேல் உள்ள உத்தரவாத ஒட்டுத்தாள் கிழியாமலிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மறைக்க எதுவுமில்லாத விற்பனையாளர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. இக்கட்டுரையாளருக்குக் கார்டை விற்றவரின் வீட்டில், அவென்யூ 10 பக்கம், காப்பியும் கொடுத்து, வாங்கியபோது கிடைத்த ரசீதையும் எடுத்து நீட்டினார்கள்.

பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறும்போது ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலின் பொதுவிதி; எட்டு ஆண்டுகள் வெப்பமண்டலத்தில் உழைத்த ஒன்றை, பல நூறு வெள்ளிப் பாகங்களுக்குக் காவலாக மீண்டும் அமர்த்துவது தகாது. இரு கணினிகளிலும் அது மாற்றப்பட்டது. பெட்டி, எஸ்எஸ்டி, திரை, விசைப்பலகை அனைத்தும் பழையனவே.

கழற்றியவற்றுள் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு ஒன்று, பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறவுப் பெண்ணின் கணினிக்குப் போனது. அவருடைய வரைகலைப் பாடங்களுக்கு அது தாராளம். ரைசன் 5 1600ஐ வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தது, ஏனெனில் அது அமரக்கூடிய போர்டுகள் இன்னும் ஊரெங்கும் உள்ளன. ஐ5-7500க்கும் அதன் போர்டுக்கும் ஆள் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2019இல் இயற்றப்பட்ட வள நீடித்த நிலைத்தன்மைச் சட்டத்தின்கீழ், 2021 ஜூலை முதல் கணினிகளை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் அவற்றைத் திரும்பப் பெறும் செலவை ஏற்க வேண்டும். பெரிய மின்பொருள் கடைகளில் சேகரிப்புத் தொட்டிகளும் வைக்கப்பட்டுள்ளன. 2014 முதல் நடந்துவரும் ரிப்பேர் கோப்பித்தியாம் என்னும் தன்னார்வலர் இயக்கம், அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பழுதான பொருள்களைத் தாங்களே திறந்து சரிசெய்துகொள்ளக் கற்பிக்கிறது. ஆனால் பழுதே இல்லாத, பிராசஸர் பட்டியலொன்றின் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்ட போர்டுக்கு எந்தப் பயிற்சியாளரும் வைத்தியம் செய்ய முடியாது. எட்டாண்டில் ஒருமுறைகூடத் தடுமாறாத அந்தப் போர்டு தொட்டிக்குள் போனதுதான் இந்த முழு முயற்சியிலும் வருந்தத்தக்கது.

இப்போது இரு வீடுகளிலும் ஒரே பிராசஸர் ஓடுகிறது. அத்தை மகன் அவ்விடத்தை ஒரே பாகத்தால் அடைந்தார். இக்கட்டுரையாளர் போர்டையும் சேர்த்து வாங்கி அடைந்தார். அடுத்த முறை சாக்கெட்டும் ராமும் ஒருசேர மாற வேண்டியிருக்கும், அது இருவருக்கும் ஒரே நாளில் வரக்கூடும் என்பதால், டிடிஆர்5இன் விலை எப்போது இறங்குகிறது என்று இருவரும் இப்போதே சேர்ந்து கவனித்து வருகின்றனர்.